பதின்மூன்றாம் டிகிரியில் ஒரு கேள்வி

1980களின் கடைசியில் பெங்களூரில், அல்சூர்ப் பக்கம் ஒரு தமிழ்வழித் தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். புவியியல் நடத்த எனக்குக் கிடைத்தவை ஓரம் கிழிந்த ஓர் இந்திய மேப்பும், அச்சு கழன்ற ஒரு குளோபும். நான்காம் வகுப்பில் அட்சக்கோடு நடத்தும்போது, சென்னையும் பெங்களூரும் ஏறக்குறைய ஒரே கோட்டில், வடக்கே 13 டிகிரியில் இருப்பதைக் காட்டினேன். ஒரு சிறுமி எழுந்தாள்.

"மிஸ், ஒரே கோடுன்னா சென்னையில எங்க பாட்டிக்கு ஏன் வேர்த்துக் கொட்டுது? இங்க நான் மட்டும் ஏன் ஸ்வெட்டர் போடறேன்?"

சுவரில் மேப் தட்டையாகத் தொங்கியது. பெங்களூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டரில் இருக்கிறது என்று அதில் எப்படிக் காட்டுவது? பெஞ்சின் மேல் பெஞ்சைத் தூக்கி வைத்து, உச்சியில் அவளை உட்காரவைத்தேன். அந்த மாதமே லால்பாக் பாறைக்கு எல்லோரையும் கூட்டிப்போனேன். ஏறக்குறைய 300 கோடி வயதான அந்தப் பாறையில், கெம்பேகௌடா கோபுரத்தடியில் நின்று ஊரைப் பார்த்தால் மேடு எது, பள்ளம் எது என்று கால் வலியே சொல்லிவிடும்.

நான் பெஞ்சையும் பாறையையும் வைத்துப் பாடம் நடத்தினேன்; ஆனால் கர்நாடகப் பிள்ளைகளுக்கு விண்ணிலிருந்தே பாடம் வந்தது அதற்கும் முன்னால். 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகளை அனுப்பியது. குல்பர்கா, ராய்ச்சூர், பீஜப்பூர் மாவட்டக் கிராமங்களும் அதில் உண்டு. கோழிவலைக் கம்பியில் செய்த டிஷ் ஆண்டெனா. காலை நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு.

பிறகு 2004 செப்டம்பர் 20 அன்று, நம் பெங்களூரில் உருவான எஜுசாட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. கல்விக்கென்றே ஒரு செயற்கைக்கோள், எடை 1,950 கிலோ. அது நின்ற இடம் கிழக்கே 74 டிகிரி தீர்க்கக்கோட்டுக்கு நேர் மேலே. குளோபில் அந்தக் கோட்டை விரலால் தொட்டுக் காட்டியபோது என் வகுப்பே கை தட்டியது. சாமராஜநகர் மாவட்டத்தில் 800க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்கு அதன் வழியே பாடம் போனது. ஆனால் அங்கே வைத்தவை படத்தை வாங்கிக் காட்டும் கருவிகள் மட்டுமே. பொறியியல் கல்லூரி மாணவர்களுக்குத் திருப்பிக் கேட்க வழி இருந்தது. எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இல்லை. மூச்சுவிடாமல் கேள்வி கேட்கிற வயது அது. எனக்கு இன்றும் மனம் ஆறாத இடம் இதுதான். 2010இல் எஜுசாட்டின் பணி முடிந்தது.

அதற்கு முந்தைய ஆண்டே இஸ்ரோவின் புவன் இணையத்தில் வந்துவிட்டது. செயற்கைக்கோள் எடுத்த படத்தை வீட்டுக் கணினியிலேயே நகர்த்தி, பெரிதாக்கி, சாய்த்துப் பார்க்கலாம். நான் ஓய்வு பெறும் சமயத்தில் தொடுதிரைப் பலகை வகுப்புக்குள்ளேயே வந்தது.

கடைசி ஆண்டு, அதே 13 டிகிரிப் பாடம். அதே கேள்வியை இன்னொரு சிறுமி கேட்டாள். இந்த முறை பெஞ்சைத் தூக்கவில்லை. அவளையே திரைக்கு முன்னால் நிறுத்தினேன். சென்னையில் தொடங்கி வேலூர், கிருஷ்ணகிரி என்று விரலை நகர்த்தினாள். கிருஷ்ணகிரி தாண்டியதும் படத்தைச் சாய்க்கச் சொன்னேன். தரை எழும்பியது. மேலுமலையில் விரலை நிறுத்தினாள்.

"மிஸ், ஊர்லேர்ந்து திரும்பி வரும்போது பஸ் முனகுற இடம் இதுதானே?"