மனநிலைக் கோளாறுகள்

ஒருவரின் மனநிலையை நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ தாழ்த்தியோ அளவுமீறி உயர்த்தியோ, தூக்கம், பசி, உழைப்பு, உறவு ஆகியவற்றைக் குலைக்கும் நோய்கள். மனச்சோர்வு நோயும் இருதுருவக் கோளாறும் இவற்றுள் முதன்மையானவை. பேச்சுவழக்கில் மனச்சோர்வையும் 'மன அழுத்தம்' என்பதுண்டு.

அறிகுறிகள்

குறைந்தது 2 வாரம் பெரும்பாலான நேரம் நீடிக்கும் சோகம் அல்லது எதிலும் நாட்டமின்மை மனச்சோர்வின் அடையாளம். தூக்கக்கேடு, பசியின்மை, களைப்பு, குற்றவுணர்வு, சாவு பற்றிய எண்ணம் முதலியவற்றில் பலவும் உடன் சேரும்.

சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமென்ட் ஆலையும் உள்ள அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையம் போன்ற ஊர்களில் மனத்தின் நோவைப் பலரும் உடல்நோவாகவே சொல்வார்கள். "தலை பாரமா இருக்கு, கைகால் ஓயுது, படுத்தா தூக்கம் வரல" என்று சத்து ஊசி கேட்பவரிடம், "முன்னே ஆசையா செஞ்ச வேலையில இப்ப மனசு போகுதா?" என்று மருத்துவர் கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்குக் கண் கலங்குபவர்கள் உண்டு.

இருதுருவக் கோளாறில் இத்தகைய தாழ்நிலையோடு மிகையெழுச்சியும் வேறொரு காலத்தில் வரும். மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பின்மை, ஓயாத பேச்சு, கைமீறிய செலவு ஆகியவை அதன் குறிகள்.

காரணங்கள்

பரம்பரை, மூளையின் வேதிமாற்றம், பிரசவம், தைராய்டு குறைபாடு, மது, கடன், இழப்பு எனப் பலவும் கூடி நோயை உண்டாக்குகின்றன. இது சோம்பலோ கோழைத்தனமோ அன்று. "மனசைத் தேத்திக்கோ" என்ற சொல் மட்டும் இதற்கு மருந்தாகாது.

சிகிச்சை

ஃபுளூவாக்சிடின், செர்ட்ரலின், எஸ்சிட்டலோப்ராம் முதலிய மாத்திரைகள் பலன் தர 2 முதல் 4 வாரம் ஆகலாம். தேறிய பின்னும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. இவை போதை தருபவை அல்ல. மிதமான நோய்க்கு உளவியல் ஆலோசனை மட்டுமே பலருக்குப் போதும். இருதுருவக் கோளாறுக்கு லித்தியம் உதவும் என்பதை 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் கண்டறிந்தார். அதை உட்கொள்வோர் அவ்வப்போது இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது கட்டாயம். கடும் நோய்க்கு மின்னதிர்வுச் சிகிச்சை பயன்படும். மயக்க மருந்தின்றி அதைச் செய்வதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

சேவைகள்

2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒரு முறையேனும் மனச்சோர்வுக்கு ஆளாகிறார். அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை பெறுவதில்லை.

மருத்துவத்தை ஊருக்கருகே கொண்டுசெல்ல 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் அது முதலில் திருச்சியில் நடைமுறைக்கு வந்தது. திருச்சியை அடுத்த குணசீலம் பெருமாள் கோயிலில் மனநலம் வேண்டி 48 நாள் தங்குவது நெடுங்கால வழக்கம். நேர்த்திக்கடனுக்கும் மாத்திரைக்கும் பகையில்லை. ஒன்றுக்காக மற்றதை நிறுத்துவதுதான் ஆபத்து. சிகிச்சைக்கு வெகுதொலைவு போக வேண்டாதபடி, அரியலூரிலேயே 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் இரவு பகலாகத் தமிழில் இலவச ஆலோசனை கிடைக்கும். சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அதை மிரட்டலாகக் கொள்ளாமல், தனியே விடாமல், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.