எலியைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள்

"பெரியவர்களுக்குக் கணினி சொல்லித் தரும் பயிற்றுநராக ஆசை, எங்கிருந்து தொடங்குவது?" என்று நிகழ்ச்சியில் ஒரு சகோதரி கேட்டார். சான்றிதழ் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்த வேலை நம் சிங்கப்பூரில் எப்படி வந்தது என்று பார்ப்போமே.

1981-இல் தேசிய கணினி வாரியம் அமைந்தது. அரசாங்க அலுவலகங்களைக் கணினிமயமாக்கும் திட்டமும் அந்தக் காலத்தில்தான் புறப்பட்டது. நிபுணர்களை உருவாக்கக் கழகங்கள் வந்தன. ஆனால் பத்து விரலாலும் தட்டச்சு செய்துகொண்டிருந்த கிராணிக்கு யார் சொல்லிக் கொடுப்பது? 1989-ஆம் ஆண்டு ஜனவரியில் 'டிரேட்நெட்' வந்தபோது, ஏற்றுமதி இறக்குமதிப் பத்திரங்களைக் கையில் எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய வேலை திரைக்குள் போய்விட்டது. நாள் கணக்கில் காத்திருந்தது நிமிடக் கணக்காயிற்று. முதலாளிக்குச் சந்தோஷம். நாற்பது வயதைத் தாண்டிய கிராணிக்கு வயிற்றில் புளி கரைத்தது. பக்கத்து மேசைக்காரர் ஒரு வாரம் முன்னால் கற்றிருந்தால் அவர்தான் வாத்தியார்!

இங்கே நம்மவர் கதை ஒன்று உண்டு. கணினி வாரியம் பிறந்த மறு ஆண்டு, 1982-இல், உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி மூடப்பட்டது. தமிழிலேயே படித்து வந்த ஒரு தலைமுறை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், கணினியோ ஆங்கிலம் மட்டுமே பேசியது. குறைந்த படிப்புள்ள தொழிலாளர்களுக்கு ஆங்கிலமும் கணக்கும் கற்பிக்க 1983-இல் 'பெஸ்ட்' திட்டம் தொடங்கியதை நினைத்துப் பாருங்கள். என்னைக் கேட்டால், பெரியவர்களுக்கான கணினிப் பாடத்தின் முதல் அத்தியாயம் அதுதான். 'ஃபைல்', 'சேவ்' என்ற சொற்களை வாசிக்க முடியாதவரிடம் விசைப்பலகையைக் கொடுத்து என்ன பயன்?

தமிழ்க் கதவைத் திறந்தவர்களையும் சொல்ல வேண்டும். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980-களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். இங்கே நா.கோவிந்தசாமி 1995-இல் தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றினார். 1997-இல் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் நடந்தது. ஆனாலும் பயிற்றுநருக்கு நிம்மதி இல்லை. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு விசைப்பலகை. ஓர் எழுத்துருவில் தட்டிய கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கிறுக்கலாகத் தெரியும். 1999-இல் சென்னை மாநாட்டுக்குப் பிறகு 'தமிழ்நெட் 99' விசைப்பலகை வந்தது. யூனிகோடு பரவிய பிறகுதான் தொல்லை குறைந்தது.

வகுப்பில் முதல் தடை எது தெரியுமா? எலி! அதைப் பிடித்து நகர்த்த வராது. இரண்டு முறை தட்டச் சொன்னால், முதல் தட்டுக்கும் இரண்டாவது தட்டுக்கும் நடுவில் ஒரு பெருமூச்சு வந்துவிடும். 1990-இல் விண்டோஸ் 3.0 உடன் வந்த சீட்டாட்டம் கைகொடுத்தது. சீட்டை இழுத்துப் போடப் போட, கை தானாகப் பழகிவிடும். 'வகுப்பில் சீட்டாட்டமா?' என்று கேட்டவர்கள் பாடத்தைப் புரிந்துகொள்ளவில்லை.

பெரியவர்கள் கற்கும் விதம் வேறு என்பதை அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் 1970-களில் விரிவாக எழுதினார். தனக்கு எதற்குத் தேவை என்று தெரிந்தால்தான் பெரியவர் மனம் இறங்கும். 'இது கணினியின் நினைவகம்' என்று ஆரம்பித்தால் தூக்கம் வரும். 'லண்டனில் இருக்கும் பேரனுக்குக் கடிதம் அனுப்பலாம், வாங்கம்மா' என்றால் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்வார்கள்.

சரி, சகோதரிக்குப் பதில். 2000-களில் 'ஆக்டா' என்ற பயிற்றுநர் சான்றிதழ் வந்தது. 2008-இல் பெரியவர் கல்விக்கென்றே ஒரு கழகமும் அமைந்தது. 'ஆக்டா'வின் இடத்தில் இப்போது இருப்பது 'ஏசிஎல்பி'. தொழிலாக எடுப்பதென்றால் அதைப் படியுங்கள். கூடவே தமிழில் சரளமாக விளக்கப் பழகுங்கள். ஆங்கிலத்தில் சொல்லித்தர ஆள் கிடைக்கும். நம் பாட்டிமாருக்குப் புரியும்படி சொல்லத்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது.

பாடமும் மாறிவிட்டது. 2007-இல் மூத்தோருக்கான தகவல் தொழில்நுட்ப முயற்சி தொடங்கியபோது மேசைக் கணினிதான் முன்னால் இருந்தது. 2020-இல் கொரோனா வந்ததும் மின்னிலக்கத் தூதர்கள் உணவங்காடி நிலையங்களுக்கே போனார்கள். கியூஆர் குறியீட்டில் பணம் பெறுவது எப்படி என்று கடை முன்னால் நின்றே சொல்லிக் கொடுத்தார்கள். நடுவில் வாடிக்கையாளர் வந்து தோசை கேட்டால் பாடம் நிற்கும். தோசை போட்டு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.