பதக்கமும் மைதானமும்

ஃபாரஸ்ட் கேட்டின் வடக்கு எல்லையிலே வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் என்றொரு புல்வெளி இருக்கின்றது. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், பனிப்புகார் முற்றாக விலகுமுன்பே, அங்கே பிள்ளைகள் உதைபந்தாடத் தொடங்கிவிடுவார்கள். பல தேசங்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். அவர்களுள் எம்முடைய பிள்ளைகள் குறைவு. அந்நேரத்தில் எம்முடைய பிள்ளைகள் பெரும்பாலும் ரியூசன் வகுப்பிலே இருப்பார்கள்.

2012 ஆம் ஆண்டுக் கோடையிலே ஒலிம்பிக் விளையாட்டுப் போட்டி எமது வாசலுக்கே வந்தது. ஃபாரஸ்ட் கேட் நிலையத்தில் ரயில் ஏறினால் இரண்டாவது தரிப்பு ஸ்ட்ராட்ஃபோர்ட், விளையாட்டரங்கு அங்கேதான். அந்த நாட்களில் எம்மவர் கூடிய வீடுகளிலெல்லாம் இரண்டு கேள்விகள் எழுந்தன. எந்தக் கொடிக்குக் கைதட்டுவது என்பது ஒன்று. எம்மவரில் ஏன் ஒருவரும் அங்கே ஓடவில்லை என்பது மற்றையது. இரண்டாவது கேள்விக்கு எமது பெரியவர்களிடம் ஒரு விடை ஆயத்தமாக இருந்தது. "எங்கட சனத்துக்கு ஓட்டமும் பாய்ச்சலும் சரிவராது, எங்களுக்குப் படிப்புத்தான்." இந்த விடை சரியா என்று வரலாற்றைக் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நாம் வந்து தங்கிய நாட்டையே எடுத்துக்கொள்வோம். 1996 இல் அத்லாண்டாவில் பிரித்தானியா பெற்ற தங்கப்பதக்கம் ஒன்றே ஒன்று. பதக்கப் பட்டியலில் 36 ஆவது இடம். பதினாறு ஆண்டுகளின் பின் லண்டனில் அதே நாடு 29 தங்கங்களைப் பெற்று மூன்றாவதாக வந்தது. 2016 இல் ரியோவில் 27 தங்கங்களுடன் இரண்டாவதாக வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஆங்கிலேயரின் இரத்தம் மாறிவிடவில்லை. மாறியது பணத்தின் வழி. 1994 இல் தொடங்கிய தேசிய அதிர்ஷ்டலாபச் சீட்டின் வருமானத்தில் ஒரு பகுதி விளையாட்டுக்கு ஒதுக்கப்பட்டது. வீரர்கள் வேறு வேலை தேடாமல் முழுநேரமும் பயிலவும், பயிற்றுநர்களையும் மருத்துவர்களையும் அமர்த்தவும் முடிந்தது. பதக்கம் வரக்கூடிய விளையாட்டுக்களுக்கே பணம் போயிற்று. கூடைப்பந்தாட்டம் போன்றவை கைவிடப்பட்டன. 2012 இல் பதக்கம் வென்ற பிரித்தானியருள் ஏறத்தாழ மூன்றிலொருவர் கட்டணப் பாடசாலைகளில் படித்தவர்கள். அத்தகைய பாடசாலைகளில் படிப்போரோ நாட்டின் மாணவரில் நூற்றுக்கு ஏழு பேரளவில்தான். அந்த இரண்டு கணக்குக்கும் இடையிலே உள்ளது மைதானம்.

அன்ட்ரூ பேர்னார்ட், மேகன் பஸ்ஸே என்னும் இரு பொருளியலாளர்கள் 2004 இல் வெளியிட்ட ஆய்வொன்றும் இதற்கு அண்மையான முடிவுக்கே வந்தது. ஒரு நாட்டின் சனத்தொகையும் தலா வருமானமும் பதக்க எண்ணிக்கையைப் பெருமளவு தீர்மானிக்கின்றன. போட்டியை நடத்தும் நாட்டுக்கும், பழைய சோவியத் அணி நாடுகள் போன்று அரசு திட்டமிட்டு வீரரை வளர்க்கும் நாட்டுக்கும் மேலதிகமாகச் சில கிடைக்கின்றன என்பது அவர்களின் கணிப்பு. ஆனால் தலையெண்ணிக்கை மட்டும் போதாது. நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட இந்தியா ரியோவில் பெற்றது இரண்டே பதக்கங்கள். மைதானத்துக்கு வந்துசேரும் வாய்ப்புள்ள பிள்ளைகள் எத்தனை பேர் என்பதே உண்மையான எண்ணிக்கை.

இனி எமது தீவுக்கு வருவோம். 1948 இல் இதே லண்டனில், வெம்பிளி அரங்கில், சுதந்திரம் பெற்று ஆறு மாதமேயான இலங்கை தன் முதலாவது ஒலிம்பிக்கிற்கு வந்தது. கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்த டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளிப்பதக்கம் பெற்றார். அதே போட்டிக்குத்தான் இன்னொரு தீவான ஜமெய்க்காவும் முதன்முறையாக வந்தது. ஆதர் வின்ற் 400 மீற்றரில் தங்கம் வென்றார். இரண்டு தீவுகளும் ஒரே கோட்டில் நின்று புறப்பட்டன என்று சொல்லலாம். சனத்தொகையில் ஜமெய்க்கா எம்மிலும் மிகச் சிறியது. இன்று ஜமெய்க்காவிடம் எண்பதுக்கும் மேற்பட்ட ஒலிம்பிக் பதக்கங்கள் இருக்கின்றன. இலங்கைக்கு இரண்டாவது பதக்கம் கிடைக்க 52 ஆண்டுகள் சென்றன. 2000 இல் சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரில் பெற்ற அந்த வெண்கலம், முதலிடம் பெற்றவர் ஊக்கமருந்துக் குற்றத்தால் நீக்கப்பட்டபின் வெள்ளியாக உயர்ந்தது. 2024 பாரிஸ் வரை மூன்றாவது பதக்கம் இல்லை.

ஜமெய்க்காவிடம் இருந்தது என்ன? 1910 இல் தொடங்கிய பாடசாலைகளுக்கிடையிலான மெய்வல்லுநர் போட்டி. ஆண்டுதோறும் அரங்கு நிறைந்த சனத்தின் முன்னால் மாணவர்கள் ஓடுகிறார்கள். எந்தக் குக்கிராமத்துப் பிள்ளையும் அங்கே கண்டெடுக்கப்படலாம். இதைப் படிக்கையில் எமக்கு யாழ்ப்பாணம் நினைவுக்கு வராமற் போகாது. எம்மிடமும் அது இருந்தது. தைப்பொங்கல் கழிந்ததும் ஒவ்வொரு பாடசாலையிலும் இல்ல விளையாட்டுப் போட்டி. தென்னோலைப் பந்தல், இல்லச் சோடனை, அணிநடை, வேலிக்கு வெளியே ஊர்ச்சனம். 1904 இல் தொடங்கிய யாழ் மத்திய கல்லூரி, சென் ஜோன்ஸ் கல்லூரித் துடுப்பாட்டப் போட்டி ஊரையே இரண்டாகப் பிரித்தது. 1940 களில் வந்த இலவசக் கல்வி, ஏழைப் பிள்ளையும் மைதானமுள்ள கல்லூரியொன்றின் படலையைத் தாண்ட வழிசெய்தது.

அந்த யாழ் மத்திய கல்லூரியிலிருந்து வந்தவர்தான் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். மெத்தை இல்லாத காலம். உயரம் பாய்ந்தால் மணற்குழியிலே விழவேண்டும். 1952 இல் ஹெல்சிங்கியிலும் 1956 இல் மெல்பேணிலும் இலங்கைக்காகப் பாய்ந்தார். சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியதும் அதே 1956 இல்தான். 1958 இல் தோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசியப் போட்டிகளில் இலங்கை பெற்ற முதலாவது தங்கம் அது.

அந்தப் போட்டி நடைபெற்ற நாட்களை வாசகர் கவனிக்க வேண்டும். 1958 மே 24 தொடக்கம் ஜூன் 1 வரை. தமிழர்மீதான வன்செயல் நாடெங்கும் பரவிய நாட்களும் அவையே. மே 27 இல் அவசரகாலச் சட்டம் பிரகடனமாயிற்று. கொழும்பில் அகதிகளான தமிழர் கப்பலேற்றப்பட்டுக் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். ஒரு தமிழன் நாட்டின் பெயரைத் தோக்கியோவில் உயர்த்திய நாட்களில், அந்த நாட்டிலேயே அவன் சனம் உயிர் தப்ப ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீரசிங்கம் 1962 இல் ஜகார்த்தாவில் வெள்ளியும் வென்றார். கலிபோர்னியாவில் உயர்கல்வி கற்ற அவர், தம் வாழ்நாளில் பெரும்பகுதியை நாட்டுக்கு வெளியே கழித்தார். டங்கன் வைற்றும் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்து 1998 இல் இங்கேயே காலமானார். தீவு பதக்கங்களை வைத்துக்கொண்டது, வென்றவர்களை வைத்துக்கொள்ளவில்லை.

பின்னர் நடந்ததை நாமே அறிவோம். இயக்கங்களும் இராணுவமும் பிள்ளைகளைத் தேடிய ஊரில் மாலையில் மைதானத்துக்குப் போக எந்தத் தாய் விடுவாள்? யாழ்ப்பாணத்தின் துரையப்பா விளையாட்டரங்கு சிதைந்து கிடந்தது. 1999 இல் அதனைத் திருத்த மண்ணை வெட்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. 2016 இல்தான் அது புதுப்பிக்கப்பட்டு மீளத் திறக்கப்பட்டது. இத்தனைக்குப் பின்னும் யாழ்ப்பாணத்துப் பெண்ணான தர்ஜினி சிவலிங்கம் 2018 இல் இலங்கை வலைப்பந்தாட்ட அணி ஆசியக் கிண்ணத்தை வெல்ல முதுகெலும்பாக நின்றார். கண்டியில் வளர்ந்த முத்தையா முரளிதரன் 2010 இல் 800 டெஸ்ட் விக்கெட்டுகளுடன் ஓய்வுபெற்றார். எம் சனத்துக்குச் சரிவராது என்ற பேச்சு இத்துடன் முடியவேண்டும்.

ஆனால் இவர்களின் வெற்றியைக் காட்டி, நாட்டில் எல்லாம் நலமே என்று சொல்வோருக்கும் 1958 தான் பதில். பதக்கம் ஒருவரின் திறமைக்கும் ஒரு பாடசாலையின் உழைப்புக்கும் சாட்சி. அரசின் நீதிக்குச் சாட்சியல்ல. எந்தக் கொடிக்குக் கைதட்டுவது என்ற கேள்விக்கு எம்மிடம் ஒரே விடை இல்லை. 2018 இல் அரசில்லாத மக்களின் உதைபந்தாட்டக் கிண்ணப் போட்டி லண்டனிலே நடந்தபோது, தமிழீழ அணியென்ற பெயரில் புலம்பெயர்ந்த பெடியள் ஆடினார்கள். அவர்களைப் பார்த்துக் கண்கலங்கியவர்களும், மறுவாரம் இலங்கைத் துடுப்பாட்ட அணியின் புள்ளிகளை ஒளித்துப் பார்த்தவர்களும் எம்முள் ஒருவரே.

வான்ஸ்டெட் ஃபிளாட்ஸுக்குத் திரும்புவோம். அந்த வெளி தானாகத் தப்பிப் பிழைத்ததன்று. 1871 இல் நிலவுடைமையாளர் அதனை வேலியடைக்க முற்பட்டபோது கிழக்கு லண்டன் மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வேலியைப் பிடுங்கினார்கள். 1878 ஆம் ஆண்டின் எப்பிங் காட்டுச் சட்டம் அதனைப் பொதுவெளியாகக் காத்தது. இரண்டாம் உலகப்போரின் பின் அங்கே வீடுகள் கட்டும் திட்டம் எழுந்தபோதும் மக்கள் விட்டுக்கொடுக்கவில்லை. 2012 இல் இங்கு வெள்ளி வென்ற, 2008 இல் பீஜிங்கில் 400 மீற்றரில் தங்கம் வென்ற கிறிஸ்ரின் ஒகுருகு, நைஜீரியாவிலிருந்து வந்த பெற்றோருக்கு இதே நியூஹாமிற் பிறந்தவர். ஒலிம்பிக் அரங்கிலிருந்து ஒரு மைலுக்குட்பட்ட தூரத்தில் வளர்ந்தவர். எம்மைப்போல வந்தவர்களின் பிள்ளைதான்.

ஊரிலே எமது மைதானங்களைப் பிறர் பறித்தார்கள். இங்கே பறிப்பவர் எவருமில்லை. வெளி திறந்தே கிடக்கிறது. ஆண்டுக்கொருமுறை பழைய மாணவர் சங்கங்கள் நடத்தும் போட்டியில் எமது கல்லூரிக் கொடியைத் தூக்கிவிட்டு, மற்றைய ஞாயிறுகளில் பிள்ளையின் காற்சப்பாத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறவர்கள் நாமே. படிப்பு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. எதிர்வீரசிங்கமும் படித்தவர்தான், கலாநிதிப் பட்டம் பெற்றவர். பத்து மணிக்கு ரியூசன் என்றால், எட்டு மணிக்கு அந்த வெளியில் ஒரு மணித்தியாலம் பிள்ளை ஓடலாம்.