வராத கப்பல்கள் சொன்ன சேதி

1942 மார்ச் கடைசியில், பிரித்தானியக் கிழக்குக் கடற்படையின் தளபதி சர் ஜேம்ஸ் சமர்வில்லுக்கு ஒரு தகவல் கிடைத்தது. ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் ஏப்ரல் 1ஆம் திகதியளவில் இலங்கையைத் தாக்கக்கூடும். சிங்கப்பூரிலிருந்து கொழும்புக்கு இடம்பெயர்ந்திருந்த உளவுப் பிரிவு, எதிரியின் சங்கேதச் செய்திகளை உடைத்துப் பெற்ற தகவல் அது.

மார்ச் 31 முதல் சமர்வில் இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். விமானங்கள் கடலைத் துழாவின. ஒரு கப்பலும் கண்ணில் படவில்லை. கப்பல்களில் எண்ணெயும் குடிநீரும் குறைந்தன. ஏப்ரல் 2 இரவு மாலைதீவின் அட்டு தீவுக்கூட்டத்தை நோக்கித் திரும்பினார். டோர்செட்ஷயர், கோர்ன்வால் என்ற இரு குரூசர்களைக் கொழும்புக்கும், ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கியைத் திருகோணமலைக்கும் அனுப்பிவிட்டார்.

எண்ணெய் நிரப்பப் போனதில் பிழையில்லை. அந்த மூன்று கப்பல்களைப் பிரித்து அனுப்பியதுதான் கேள்விக்குரியது.

தோமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் போதகர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து, நண்பர் ரிச்சர்ட் பிரைஸின் முயற்சியால் 1763இல் அச்சேறிய அவரது கட்டுரை இத்தகைய தருணத்துக்கே வழிகாட்டுகிறது. புதிய சான்று வரும்போது பழைய நம்பிக்கையை எவ்வளவு மாற்றலாம் என்பதே அதன் சாரம். விளக்கத்துக்காக நானே சில எண்களை இடுகிறேன். முதலாம் திகதியை ஒட்டி வருவார்கள் என்பதற்கு 50 பங்கு, பிந்தி வருவார்கள் என்பதற்கு 30, வரவே மாட்டார்கள் என்பதற்கு 20. ஏப்ரல் 2 இரவு முதல் 50 அடிபட்டுப் போகிறது. எஞ்சிய 50இல் 30, 'பிந்தி வருவார்கள்' பக்கம் நிற்கிறது. அதாவது 100க்கு 80ஆக இருந்த ஆபத்து 60ஆகக் குறைந்ததே தவிர, அகலவில்லை. வெறுங்கடல் பொய்யாக்கியது திகதியை மட்டும்தான், தாக்குதலை அல்ல.

உண்மையில் ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பல்கள் செலிபீஸ் தீவிலிருந்து புறப்பட்டதே மார்ச் 26ஆம் திகதிதான். ஏப்ரல் 4 மாலை, கொக்கலையிலிருந்து கட்டலினா விமானத்தில் சென்றிருந்த கனேடியர் லெனார்ட் பேர்ச்சல் அவற்றைக் கண்டார். சுட்டு வீழ்த்தப்படுமுன் செய்தி கரைக்கு எட்டிவிட்டது. சந்தேகத்துக்கு இனி இடமில்லை.

மறுநாள் உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களில் மக்கள் கூடும் காலைப் பொழுதில், கொழும்பில் கொட்டாஞ்சேனையை அடுத்த துறைமுகத்தின் மேல் குண்டுகள் விழுந்தன. ஹெக்டர், டெனடொஸ் என்ற போர்க்கப்பல்கள் மூழ்கின. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியில் தெற்கே போனால் வரும் இரத்மலானை விமானத்தளமும் தாக்கப்பட்டது. ஆனால் குதிரைப்பந்தயத் திடலில் அமைத்திருந்த ஓடுதளம் ஜப்பானியருக்குத் தெரியாது. அங்கிருந்து ஹரிகேன் விமானங்கள் எழுந்தன. எதிரிக்கும் எல்லாம் தெரிந்திருக்கவில்லை என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

பேர்ச்சலின் செய்திக்குப் பின் டோர்செட்ஷயரும் கோர்ன்வாலும் கொழும்பை விட்டு, சமர்வில்லுடன் சேர விரைந்தன. ஞாயிறு பிற்பகல் நடுக்கடலில் இரண்டும் மூழ்கடிக்கப்பட்டன. 424 பேர் மாண்டனர். ஏப்ரல் 9ஆம் திகதி, திருகோணமலையை விட்டு வெளியேறிய ஹேர்மிஸும் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது.

(தொடரும்)