கொதித்த குழாய் கேட்ட கேள்வி

உயிரியல் படிச்ச எல்லாருக்கும் தெரிஞ்ச பரிசோதனைதான். மாப்பொருட் கரைசலில் உமிழ்நீரைக் கலந்து ஒரு குழாயைப் பனிக்கட்டியிலும் இன்னொன்றை 37 பாகை நீரிலும் வைப்போம். மூன்றாவதில் கொதிக்கவைத்த உமிழ்நீர். கொஞ்ச நேரத்தால அயடீன் விட்டால், 37 பாகைக் குழாயில மட்டும் கருநீலம் வராது. வரைபைக் கீறி, உகந்த வெப்பநிலையைக் குறிச்சுவிட்டால் புள்ளி கிடைச்சிடும்.

ஆனா மற்ற இரண்டு குழாய்களிலும் வருகிற நீலம் ஒரே கதையைச் சொல்லவில்லை. அயடீன் விடமுதல் பனிக்கட்டிக் குழாயை எடுத்து 37 பாகையில் வைத்தால் மாப்பொருள் உடையத் தொடங்கும். கொதித்ததை ஆறவைத்து எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஒன்றும் நடக்காது. ஏன்? இந்தக் கேள்விக்குப் பதில் தேட ஏறக்குறைய நூறு வருசம் போனது.

1833இல் பிரான்சில் பேயன், பெர்சோ என்ற இரண்டு வேதியியலாளர்கள், முளைவிட்ட பார்லியிலிருந்து மாப்பொருளைச் சீனியாக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்து 'டயஸ்டேஸ்' என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கு நாங்கள் அமைலேசு என்பது அதைத்தான். கொதிக்கவைத்தால் அது வேலை செய்யாது என்பதையும் கண்டார்கள்.

உப்பைக் கொதிக்கவைத்து ஆறவிட்டாலும் அது உப்புத்தானே. கொதியில் 'சாகிறது' உயிருள்ளதுதான். அப்ப இதுவும் உயிரோடு சேர்ந்ததா? நொதித்தலை மதுவத்தின் உயிரிலிருந்து பிரிக்கேலாது என்பதுதான் பாஸ்டரின் நிலைப்பாடு. 1897இல் எடுவார்ட் புக்னர் மதுவத்தை மணலோடு அரைத்து, பிழிந்து சாறெடுத்தார். உயிருள்ள கலமே இல்லாத அந்தச் சாறும் சீனியை அற்ககோலாக்கியது. 1907இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சரி, உயிர் தேவையில்லை. அப்ப கொதியில் அழிவது என்ன? 1926இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் சம்னர் வாளவரை விதையிலிருந்து யூரியேசைப் பளிங்காக எடுத்து, நொதியம் ஒரு புரதம் என்றார். நோபல் பரிசு பெற்ற வில்ஸ்டேட்டர் போன்ற பெரியவர்களே அதை ஏற்கவில்லை. சம்னருக்கு நோபல் கிடைக்க 1946 ஆகிவிட்டது. இதற்கிடையில் 1931இல் சீன விஞ்ஞானி சியென் வூ, மடிந்திருக்கும் புரதச் சங்கிலி வெப்பத்தில் குலைந்துவிடுகிறது என்று விளக்கினார். அவித்த முட்டை திரும்பப் பச்சை முட்டை ஆகாததும் இதனால்தான். குளிரில் அந்த மடிப்பு பெரும்பாலும் குலைவதில்லை. மூலக்கூறுகளின் அசைவும் மோதலும்தான் குறைகின்றன.

37 பாகை எல்லா நொதியத்துக்குமான விதியும் இல்லை. யெலோஸ்டோன் வெந்நீரூற்றுகளில் வாழும் 'தேர்மஸ் அக்குவாட்டிக்கஸ்' என்ற பக்ரீரியாவின் நொதியம் 70 பாகையைத் தாண்டியும் வேலை செய்கிறது. பீசீஆர் பரிசோதனைக்குக் கைகொடுத்தது அதுதான்.

அடுத்தமுறை ஆய்வுகூடத்தில அந்தப் பனிக்கட்டிக் குழாயையும் கொதித்த குழாயையும் 37 பாகைக்குக் கொண்டுவந்து பாருங்கோ. புள்ளித்திட்டத்தில இது இல்லாமல் இருக்கலாம். நூறு வருசமாக ஆட்கள் சண்டைபிடித்தது அந்த வித்தியாசத்துக்காகத்தான்.