பவளப்பாறை ஆய்வு மாணவர் பயிற்சி

பவளப்பாறைகளை ஆராய வரும் முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களுக்குத் தரப்படும் களப்பயிற்சி, வகைப்பாட்டுப் பயிற்சி, நிதியுதவி, வழிகாட்டல் ஆகிய எல்லாம் சேர்ந்தது பவளப்பாறை ஆய்வு மாணவர் பயிற்சி. ஆய்வுப் பொருள் கடலடியில் இருப்பதால் படகு, முக்குளிப்புக் கருவி, காற்று ஓய்ந்த நாள் ஆகிய மூன்றும் கூடிவந்தால்தான் ஒரு நாள் வேலை நடக்கும். இத்துறையின் ஆய்வாளர்கள் பலரும் பல்கலைக்கழக வகுப்பறையைவிடத் தீவுகளிலும் கரையோரங்களிலும் உள்ள ஆய்வு நிலையங்களில்தான் உருவானார்கள்.

1928 ஜூலையில் பிரிட்டனிலிருந்து வந்த ஓர் ஆய்வுக்குழு ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் லோ தீவுகளில் ஓராண்டு தங்கி ஆய்வு செய்தது. குழுத் தலைவர் மாரிஸ் யங்குக்கு அப்போது வயது 28. ஜப்பானியர் 1934இல் பலாவ் தீவுகளின் கொரோரில் வெப்பமண்டல உயிரியல் நிலையம் ஒன்றை அமைத்தனர். தொஹோகு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷின்கிஷி ஹதாய் அதன் இயக்குநர். அங்கே அனுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். மாதக்கணக்கில் பாறையருகே தங்கி, ஆளுக்கொரு கேள்வியை எடுத்துக்கொண்டு உழைத்தார்கள். அவர்களில் ஒருவரான சிரோ கவகுட்டி, பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசியைத் தனியே பிரித்து வளர்த்து, அது எவ்வகைப் பாசி என்று 1944இல் வெளியிட்டார். போரால் நிலையம் 1943இலேயே மூடப்பட்டிருந்தது. பத்தாண்டு கூட நீடிக்காத ஒரு நிலையத்துக்கு இது சிறிய விளைச்சல் அன்று.

இந்தியாவில் இத்துறை இராமநாதபுரம் கரையிலுள்ள மண்டபம் என்ற ஊரில் வேர்விட்டது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1971 வரை அங்கேதான் இருந்தது. அங்கு பணியாற்றிய சி. எஸ். கோபிநாத பிள்ளை இந்தியப் பவளங்களின் வகைப்பாட்டுக்கு அடித்தளம் இட்டவர். 1969 ஜனவரியில் இந்தியக் கடல் உயிரியல் சங்கம் மண்டபம் முகாமில் நடத்திய பவளக் கருத்தரங்கே இன்று உலகப் பவளப்பாறைக் கருத்தரங்கு வரிசையில் முதலாவதாக எண்ணப்படுகிறது. இராமநாதபுரம் கடற்கரையில் கடல்மட்டத்துக்கு மேல் நிற்கும் பழைய பவளப்பாறைகளைப் பற்றி பிரிட்டிஷ் புவியியலாளர் டேவிட் ஸ்டோடார்ட்டும் பிள்ளையும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1972இல் வந்தது. 1980இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுப் பவளப்பாறை ஆய்வுச் சங்கத்தின் முதல் தலைவர் அதே ஸ்டோடார்ட்.

மாணவர் முதலில் கற்பது அளக்க. பாறைமேல் 20 மீட்டர் நாடாவை விரித்து, அதன் கீழ் வரும் உயிர்ப்பவளம், செத்த பவளம், பாசி, மணல் ஒவ்வொன்றின் நீளத்தையும் சென்டிமீட்டர் கணக்கில் பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் குறிக்க வேண்டும். எளிதாகத்தான் தோன்றும். ஆனால் ஒரே நாடாவை இருவர் படித்தால் இரண்டு கணக்கு வரும். இருவர் கணக்கும் நெருங்கி வரும்வரை திரும்பத் திரும்ப அதே இடத்தில் இறக்குவதுதான் பயிற்சி. முக்குளிப்புக்குத் தனிப் பயிற்சி உண்டு. அமெரிக்காவில் அறிவியல் முக்குளிப்பாளர் தகுதிக்குக் குறைந்தது 100 மணி நேரப் பயிற்சியும் அதற்குள் 12 திறந்த நீர் முக்குளிப்புகளும் வேண்டும்.

இதைவிடக் கடினமானது பெயர் சொல்வது. ஒரே இனம் அலையடிக்கும் இடத்தில் குட்டையாகத் தடித்தும், அமைதியான நீரில் மெலிந்து கிளைத்தும் வளரும். பார்வையை மட்டும் நம்பினால் ஏமாற்றமே. சதையை நீக்கி, எலும்புக்கூட்டைக் காயவைத்து, ஒவ்வொரு கிண்ணக்குழியிலும் உள்ள தடுப்புகளை உருப்பெருக்கியின் கீழ் எண்ண வேண்டும். ஜான் வெரன் 2000இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட உலகப் பவளங்கள் நூல் பல மாணவர்களின் மேசையில் இருக்கும். அதுவும் போதாது. மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு, இந்திய, பசிபிக் கடல்களின் ‘பேவியா’ இனங்கள் 2012இல் ‘டிப்சாஸ்ட்ரியா’ என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டன. பழைய கட்டுரைகளைப் படிக்கும் மாணவர் இரண்டு பெயரையும் அறிந்திருக்க வேண்டும். எந்தப் பாறை எங்கே கிடக்கிறது, எப்போது தண்ணீர் தெளியும் என்பதைப் பாறையைப் ‘பார்’ என்றே அழைக்கும் மீனவரிடம்தான் கேட்க வேண்டும். அவர்களிடம் கேட்கத் தெரிவதும் ஒரு திறமையே, பாடத்திட்டத்தில் அது இல்லாவிட்டாலும்.

பவளங்கள் 2001இல் இந்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளோ 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே ஆய்வு செய்யத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். பாறைகளுக்கு இந்தக் காவல் தேவைதான். ஆனால் மாணவரின் உதவித்தொகைக் காலம் கோப்புக்காகக் காத்திருப்பதில்லை. இப்பகுதியில் பவளம் தன் நுண்பாசியை இழந்து வெளிறுவது ஏப்ரல் முதல் ஜூன் வரையான வெப்பக் காலத்தில். அதைத் தவறவிட்டால் ஓராண்டு போயிற்று.

1998இன் பெரும் வெளிறலுக்குப் பின், சுவீடன் நிதியுடன் 1999இல் ‘கோர்டியோ’ என்ற இந்தியப் பெருங்கடல் திட்டம் தொடங்கியது. 1998இல் தூத்துக்குடியில் தொடங்கப்பட்டு, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துடன் இணைந்த சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் 2003–05இல் 21 தீவுகளையும் கணக்கெடுத்து 117 பவள இனங்களைப் பதிவு செய்தது. இத்தகைய நீண்ட கணக்கெடுப்பே நல்ல பள்ளிக்கூடம். மாணவர் தம் சிறு கேள்வியை ஒரு பெரிய தரவுத் தொடரோடு பொருத்திக்கொள்ள முடிகிறது. உலக வங்கியும் உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் 2004இல் தொடங்கிய திட்டம் மெக்சிகோவின் புவர்ட்டோ மொரெலோஸ், சான்சிபார், பிலிப்பைன்ஸின் பொலினாவோ, ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவு ஆகிய நான்கு இடங்களைப் பயிற்சி மையங்களாக்கியது. ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவு நிலையம் முனைவர் பட்ட மாணவர்களுக்கென்றே உதவித்தொகை தருகிறது.

பணம் மட்டும் போதாத காலம் இது. 2016இல் பவள ஆய்வாளர் டெர்ரி ஹியூஸின் குழு பெருந்தடுப்புப் பவளத்திட்டில் வானிலிருந்து பார்த்த 911 பாறைகளில் 93 விழுக்காடு வெளிறியிருந்தன. முடிவுகளை மாணவர்களிடம் காட்டியதையும் பிறகு சேர்ந்து அழுததையும் அவரே பொதுவெளியில் எழுதினார். பட்டம் முடியுமுன் ஆய்வுக்களமே செத்துப்போகலாம் என்ற நிலையில், மனத்துயரைப் பற்றி மாணவரோடு பேசுவதும் வழிகாட்டியின் வேலையாகிவிட்டது.

வெளிநாட்டார் வந்து தரவெடுத்துப் போய், உள்ளூர் ஆய்வாளர் பெயரின்றிக் கட்டுரை வெளியிடுவது ‘பாராசூட் அறிவியல்’ எனப்படுகிறது. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பாறைகளைப் பற்றிய கட்டுரைகளில் இது ஆஸ்திரேலியாவைப்போல் இரு மடங்கு நடந்ததாக 2021இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. படகோட்டவும் மாதிரி சுமக்கவும் மட்டும் உள்ளூர் மாணவரைக் கூப்பிடுவது பயிற்சியாகாது. ஸ்டோடார்ட்டும் பிள்ளையும் ஒரே கட்டுரையில் கையெழுத்திட்டு அரை நூற்றாண்டு ஆகிறது. மண்டபத்தில் தொடங்கிய அந்த உலகக் கருத்தரங்கு 1969க்குப் பிறகு இந்தியாவில் கூடவே இல்லை.