பழைய விமானத்தின் உண்மை விலை

அமெரிக்காவில் ஒரு புதிய காரின் விலைக்குச் சொந்தமாக ஒரு விமானமே வாங்கிவிடலாம் என்றால் நம்மில் பலர் நம்பமாட்டார்கள். ஆயினும் அது உண்மை. 1960-களிலும் 1970-களிலும் தயாரிக்கப்பட்ட, இருவர் அமரக்கூடிய செஸ்னா 150, நால்வர் அமரக்கூடிய செஸ்னா 172, பைப்பர் செரோக்கி போன்ற சிறு விமானங்கள் அங்கே இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மருத்துவரும் பொறியாளரும் மட்டுமல்ல, ஆசிரியரும் மெக்கானிக்கும் விவசாயியும்கூட அவற்றின் உரிமையாளர்களாக இருக்கிறார்கள். ஆனால், வாங்கும் விலை என்பது ஒரு பழைய விமானத்தின் உண்மை விலையில் ஒரு பகுதி மட்டுமே. அதை உணராமல் சேமிப்பை இழந்த குடும்பங்களும் உண்டு; அதைவிட மோசமாக, உயிரை இழந்தவர்களும் உண்டு.

இத்தனை பழைய விமானங்கள் ஏன் புழக்கத்தில் இருக்கின்றன என்பதற்கு ஒரு பொருளாதார வரலாறு இருக்கிறது. 1978-இல் அமெரிக்கச் சிறு விமான நிறுவனங்கள் 17,000-க்கும் மேற்பட்ட விமானங்களைத் தயாரித்தன. 1994-இல் அந்த எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கீழே சரிந்தது. பொருளாதார மந்தநிலை ஒரு காரணம். விபத்து வழக்குகளில் நிறுவனங்கள் கொடுக்க நேர்ந்த இழப்பீடும், அதனால் உயர்ந்த காப்பீட்டுச் செலவும் மற்றொரு காரணம். முப்பது ஆண்டுகளுக்கு முன் விற்ற விமானம் விபத்துக்குள்ளானாலும் தயாரிப்பாளர் மீது வழக்குத் தொடர முடிந்தது. 1986-இல் செஸ்னா நிறுவனம் பிஸ்டன் இயந்திர விமானங்களின் தயாரிப்பையே நிறுத்தியது. 1991-இல் பைப்பர் நிறுவனம் திவாலானது.

தயாரிப்பாளரின் பொறுப்பை 18 ஆண்டுகளுக்குள் வரையறுக்கும் சட்டம் 1994-இல் நிறைவேறிய பிறகே செஸ்னா 172-இன் தயாரிப்பு மீண்டும் தொடங்கியது. இன்று புதிய செஸ்னா 172 ஒன்றின் விலை நான்கு லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. எனவே, நடுத்தர வருவாய் உள்ள ஒருவருக்குப் பழைய விமானத்தைத் தவிர வேறு வழியில்லை. 1956-இல் தொடங்கி இதுவரை 44,000-க்கும் மேற்பட்ட செஸ்னா 172 விமானங்கள் தயாரிக்கப்பட்டுள்ளன. உலகில் வேறெந்த விமானமும் இந்த எண்ணிக்கையை எட்டியதில்லை. அதனால் அதன் உதிரி பாகங்கள் எளிதில் கிடைக்கின்றன. அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் எங்கும் இருக்கிறார்கள். தயாரிப்பாளரே மறைந்துபோன அரிய வகை விமானத்தை மலிவாக வாங்குபவர், ஒரு கதவுப் பூட்டுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம்.

பொருளியல் அறிஞர் ஜார்ஜ் ஏக்கர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பழைய கார்களின் சந்தையைப் பற்றியது. விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் நல்ல பொருளுக்கும் உரிய விலை கிடைக்காமல் போகிறது என்பது அதன் சாரம். அவருக்கு 2001-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த அந்தக் கருத்து, பழைய விமானச் சந்தைக்கும் அப்படியே பொருந்தும். ஆனால், காருக்கு இல்லாத ஒரு வசதி விமானத்துக்கு உண்டு. அதுதான் பராமரிப்புப் பதிவேடு. தயாரான நாள் முதல் செய்யப்பட்ட பழுதுகள், மாற்றிய பாகங்கள், பறந்த மணிகள் ஆகியவை அதில் தேதியுடனும் கையொப்பத்துடனும் பதிவாகியிருக்க வேண்டும். பதிவேடு தொலைந்த விமானம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதன் மதிப்பு குறைந்துவிடும்.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, ஓக்லஹோமா நகரில் உள்ள அரசு விமானப் பதிவகத்தில் அந்த விமானத்தின் உரிமை ஆவணங்களையும், அதன் மீது கடன் பொறுப்பு ஏதும் உள்ளதா என்பதையும் தேடிப் பார்ப்பது. இரண்டாவது, அந்த வகை விமானத்துக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. பிறப்பித்த பறக்கும் தகுதி ஆணைகள் அனைத்தும் நிறைவேற்றப்பட்டுள்ளனவா என்று பதிவேட்டுடன் ஒப்பிடுவது. மூன்றாவது, விற்பவரோடு தொடர்பில்லாத, அந்த வகை விமானத்தை நன்கறிந்த மெக்கானிக்கைக் கொண்டு முழுமையாகச் சோதிப்பது. இதற்குச் சில நூறு டாலர் முதல் ஆயிரத்துக்கு மேலும் ஆகலாம். அந்தச் செலவை மிச்சப்படுத்துவது, யானையை வாங்குபவர் அதன் காலைப் பார்க்க மறுப்பதற்கு ஒப்பாகும்.

அந்தச் சோதனையில் முதலில் பார்க்க வேண்டியது இயந்திரத்தை அல்ல, உடலை. அலுமினியத் தகடுகளின் இணைப்புகளுக்கு இடையிலும், இறக்கையைத் தாங்கும் உத்தரங்களிலும் அரிப்பு ஒளிந்திருக்கும். புளோரிடாவின் கடற்கரையில் திறந்த வெளியில் நின்ற விமானமும், அரிசோனாவின் வறண்ட காற்றில் நின்ற விமானமும் ஒரே ஆண்டில் பிறந்திருந்தாலும் ஒன்றல்ல. நெடுநாள் நின்ற விமானத்துக்குள் எலிகள் கூடு கட்டினால், அவற்றின் சிறுநீரே உலோகத்தை அரித்துவிடும். இயந்திரத்தைப் புதுப்பிக்கலாம், வானொலிக் கருவிகளை மாற்றலாம். இறக்கையின் உத்தரம் அரிக்கப்பட்டிருந்தால், பெரும்பாலும் அத்துடன் கணக்கை முடித்துக்கொள்வதே அறிவுடைமை.

வயது மட்டுமே அளவுகோல் அல்ல என்பதற்கு ஒரு துயரச் சான்று உண்டு. 2018 ஏப்ரலில் புளோரிடாவின் டேடோனா கடற்கரை நகரில் ஒரு விமானப் பல்கலைக்கழகத்தின் பைப்பர் ஏரோ விமானத்தின் இறக்கை பறக்கும்போதே பிரிந்தது, இருவர் உயிரிழந்தனர். அந்த விமானம் 2007-இல்தான் தயாரானது. ஆனால், பயிற்சியில் ஏழாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்திருந்தது. இறக்கை உத்தரத்தில் களைப்பு விரிசல் கண்டறியப்பட்டது. அதன் விளைவாக, 2021-இல் நடைமுறைக்கு வந்த ஆணை, அக்குடும்பத்தைச் சேர்ந்த பல பைப்பர் விமானங்களின் உத்தரத் துளைகளை மின்சுழல் முறையில் சோதிக்கக் கட்டளையிட்டது. ஆண்டுகளை மட்டும் எண்ணாமல், விமானம் எப்படிப் பறந்தது, எங்கே நின்றது என்று கேட்க வேண்டும்.

இயந்திரத்திலும் இதே கதைதான். சிறு விமான இயந்திரங்களைச் சுமார் 1,800 முதல் 2,000 மணி நேரத்துக்கு ஒருமுறை முழுமையாகப் பிரித்து ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் பரிந்துரைக்கின்றனர். தனிப்பட்ட பயன்பாட்டில் உள்ள விமானத்துக்கு அது சட்டக் கட்டாயம் அன்று. அதனால், 'ஓவர்ஹாலுக்குப் பின் 400 மணி நேரமே ஓடியது' என்ற விளம்பரம் கவர்ச்சியாக இருக்கும். அந்த ஓவர்ஹால் இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்றால், அந்த 400 மணி நேரம் பெருமையன்று, எச்சரிக்கை. லைக்கமிங் இயந்திரங்களில் கேம்ஷாஃப்ட் மேற்பகுதியில் இருப்பதால், ஓடாமல் நின்றால் எண்ணெய் வடிந்து அது துருப்பிடிக்கும். அடிக்கடி ஓடிய இயந்திரமே ஆரோக்கியமானது.

இனிக் கணக்குக்கு வருவோம். இங்கே நான் தரும் தொகைகள் கணக்கை விளக்குவதற்கான எடுத்துக்காட்டுகளே. இடத்துக்கும் விமானத்துக்கும் ஏற்ப அவை மாறும். நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய செஸ்னா 172-ஐ 80,000 டாலருக்கு வாங்குவதாகக் கொள்வோம். ஹேங்கர் வாடகை ஆண்டுக்கு 3,600, காப்பீடு 1,400, கட்டாய ஆண்டு ஆய்வும் அதில் வெளிப்படும் பழுதுகளும் 3,000 என 8,000 டாலர் ஆகிறது. இதோடு, பலர் மறந்துவிடும் ஒரு செலவும் உண்டு. அந்த 80,000 டாலரை 5 சதவீத வட்டியில் முதலீடு செய்திருந்தால் 4,000 டாலர் கிடைத்திருக்கும். பொருளியலில் இதை வாய்ப்புச் செலவு என்கிறோம். ஆக, விமானம் ஒரு மணி நேரம்கூடப் பறக்காவிட்டாலும் ஆண்டுக்கு 12,000 டாலர் செலவு. 'யானையைக் கட்டித் தீனி போட முடியுமா' என்று நம் முன்னோர் கேட்டது இதைத்தான்.

பறக்கும்போது ஆகும் செலவு வேறு. மணிக்கு எட்டு கேலன் எரிபொருள், கேலன் ஆறு டாலர் என்றால் 48 டாலர். எண்ணெய், தேய்மானம் ஆகியவற்றுக்கு 12 டாலர். 2,000 மணி நேரத்துக்குப் பின் வரப்போகும் 36,000 டாலர் ஓவர்ஹாலுக்காக மணிக்கு 18 டாலர் எடுத்துவைக்க வேண்டும். மொத்தம் 78 டாலர். இந்த இரண்டையும் சேர்த்தால், ஆண்டுக்கு 50 மணி நேரம் பறப்பவருக்கு ஒரு மணி நேரச் செலவு 318 டாலர். 100 மணி நேரம் என்றால் 198. 150 மணி நேரம் என்றால் 158. பயிற்சி நிலையத்தில் எரிபொருள் உட்பட மணிக்கு 180 டாலருக்கு விமானம் வாடகைக்குக் கிடைக்குமானால், ஆண்டுக்கு ஏறத்தாழ 118 மணி நேரத்துக்கு மேல் பறப்பவருக்கே சொந்த விமானம் மலிவு. வார இறுதியில் மட்டும், அதுவும் வானிலை இடம் தந்தால் பறப்பவர் இந்த எண்ணை எட்டுவது அரிது.

இதற்கு ஒரு நல்ல மாற்று, கூட்டு உரிமை. மூவர் சேர்ந்து வாங்கினால், ஒவ்வொருவரின் நிலைச்செலவும் 4,000 டாலராகக் குறையும். அப்போது ஆண்டுக்கு 40 மணி நேரம் பறந்தாலே வாடகையைவிட ஆதாயம். விமானமும் அதிகம் ஓடும்; அதனால் இயந்திரமும் நலமாக இருக்கும். யார் எப்போது எடுப்பது, பழுதுச் செலவை எப்படிப் பகிர்வது, ஒருவர் விலகினால் அவர் பங்குக்கு என்ன விலை என்பவற்றை முன்கூட்டியே எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்வது அவசியம்.

சிதைந்த நிலையில் உள்ள விமானத்தை மலிவாக வாங்கிப் புதுப்பிப்பது இதனினும் சிக்கலானது. 35,000 டாலருக்கு ஒரு செஸ்னா 172 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இயந்திர ஓவர்ஹாலுக்கு 36,000, புதிய வானொலி, வழிகாட்டிக் கருவிகளுக்கு 18,000, வண்ணப்பூச்சுக்கு 15,000, இருக்கைக்கும் உட்புறத்துக்கும் 6,000 எனச் செலவிட்டால் மொத்தம் 1,10,000 டாலர். சந்தையிலோ அதன் மதிப்பு 80,000 டாலர்தான். புதுப்பிக்கும் செலவு முழுவதையும் வாங்குபவர் திருப்பித் தருவது அரிது. வேலை நடக்கும் மாதங்களிலும் ஆண்டுகளிலும் ஹேங்கர் வாடகை நிற்காது, பறக்கவும் முடியாது.

உழைப்பை நானே தருகிறேன் என்பவருக்கும் வரம்பு உண்டு. விமானி உரிமம் உள்ள உரிமையாளர் எண்ணெய் மாற்றுவது, சக்கர டயர் மாற்றுவது, ஸ்பார்க் பிளக் மாற்றுவது போன்ற எளிய பராமரிப்பைத் தாமே செய்யலாம். அதற்கு மேற்பட்ட பணியை உரிமம் பெற்ற மெக்கானிக்கின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். ஆண்டு ஆய்வுக்குச் சிறப்பு அங்கீகாரம் பெற்றவரின் கையொப்பம் தேவை. வண்ணம் பூசுவதுகூட வெறும் அழகு வேலை அன்று. திருப்பும் பரப்புகளில் பூசிய வண்ணத்தின் எடை சமநிலையை மாற்றினால், அவை பறக்கும்போது கட்டுமீறி அதிரக்கூடும். எனவே, பூசிய பின் அவற்றின் சமநிலையைச் சரிபார்க்க வேண்டும்.

பாதி வழியில் நிற்பவருக்கு ஏற்படும் மயக்கமே மிகவும் ஆபத்தானது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் வாங்கிய விலையும் இயந்திரமும் சேர்ந்து 71,000 டாலர் செலவாகிவிட்டது. இன்னும் 39,000 டாலர் வேலை பாக்கி. இந்த நிலையில் விமானம் 50,000 டாலருக்கு விலைபோகும் என்றால், விற்பவருக்கு இழப்பு 21,000. முடித்து விற்பவருக்கு இழப்பு 30,000. 'இவ்வளவு போட்டாயிற்று, இனி விடுவதா' என்று மனம் சொல்லும். போட்ட பணம் எந்த முடிவை எடுத்தாலும் திரும்பாது. கேட்க வேண்டிய கேள்வி, இனிப் போடும் 39,000 டாலர் எவ்வளவைத் தரும் என்பதே. அது தருவது 30,000 டாலர். எஞ்சிய 9,000 டாலரும் அந்த விமானத்தைத் தம் கையால் உயிர்ப்பித்த மகிழ்ச்சியின் விலை. அந்த விலையை அறிந்து, குடும்பத்தாரிடமும் சொல்லிவிட்டுக் கொடுப்பவரைப் பொருளியல் குறை கூறாது. அறியாமல் கொடுப்பதுதான் இழப்பு.

இறுதியாக ஒன்று. பணம் குறையும்போது பெரும்பாலோர் முதலில் கைவைப்பது, கண்ணுக்குத் தெரியாத பராமரிப்பில்தான். சாலையில் கார் நின்றால் ஓரமாகத் தள்ளலாம். ஆகாயத்தில் அப்படி ஓரம் எதுவும் இல்லை. ஆகவே, வாங்கும் விலையை மட்டுமல்லாமல், முதல் ஆண்டில் எதிர்பாராமல் வரக்கூடிய ஒரு பெரும் பழுதுக்கான தொகையையும் கையில் வைத்திருப்பவரே வாங்கலாம். அத்தொகை இல்லாதவர் வாடகை விமானத்தில் பறப்பதில் குறைவு எதுவும் இல்லை.